ஆறு துறைகளில் குணமானவள்

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில், கருங்கல்லில் வெட்டிப் பொன்வண்ணம் பூசிய ஒரு வாசகம் இருந்தது: "ஒரு சீட்டு, ஒரு உறுப்பு." அதைப் படித்ததும் கண்டக்டரம்மாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. ஓர் ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று பாதி வாழ்க்கையைப் பஸ்ஸில் கழித்தவள் அவள். ஒழுங்கான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிம்மதி, சீட்டு கொடுக்கும் ஜன்னல் வரைக்கும் தாக்குப்பிடித்தது.

"என்ன உறுப்பு?" என்றார் ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா, தலையை நிமிர்த்தாமல்.

"காலையில எழுந்தா விரல் மடங்க மாட்டேங்குது சார். டிக்கெட் கிழிக்க முடியல. ரெண்டு கன்னத்துலயும் சிவப்பா ஏறிடுது. வாய்க்குள்ள புண்ணு. சாயங்காலமானா காய்ச்சல். எல்லாத்துக்கும் மேல இந்த அசதி..."

"நான் கதை கேக்கல. உறுப்பு கேட்டேன்."

கண்டக்டரம்மாவின் பக்கத்தில் நின்றவள் அவளுடைய நாத்தனார். தையல்காரி. அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவதால், அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிற வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. ஊசியைப் போலவே நாக்கையும் கூராக வைத்திருப்பவள்.

"உறுப்பெல்லாம் ஒரே ஆள்கிட்டதான் இருக்கு. வேணும்னா ஒண்ணொண்ணாக் கழட்டித் தரட்டுமா?" என்றாள்.

குமாஸ்தா அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. "கழட்டினா அறுவைத் துறை. அதுக்கு வரிசை அந்தப் பக்கம்," என்று கையைக் காட்டிவிட்டு, விரலுக்கு ஒரு சீட்டு, கன்னத்துக்கு ஒரு சீட்டு, வாய்க்கு ஒரு சீட்டு என்று கிழித்து வைத்தார். காய்ச்சல் ரத்தத்தில் ஓடுவதாகக் கருதப்படும் என்று சொல்லி இன்னொன்றைக் கொடுத்தார். அசதிக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை.

"அசதிக்கு உறுப்பு கிடையாது. அதை நீங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

கண்டக்டரம்மா அசதியையும் எடுத்துக்கொண்டு முதலில் மூட்டுத் துறைக்குப் போனாள்.

மூட்டுத் துறையில் நோயாளியும் மருத்துவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. நடுவே வெள்ளையடித்த பலகைத் தடுப்பு. அதில் இரண்டு துவாரங்கள். நோயாளி இந்தப் பக்கம் உட்கார்ந்து கைகளைத் துவாரத்துக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் இருக்கும் துறைத் தலைவர் அவற்றை வாங்கிப் பார்ப்பார். முழங்கால் என்றால் கீழே வேறு துவாரம். கண்டக்டரம்மா கைகளை விட்டாள். குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கின. வலி உச்சந்தலைக்கு ஏறியது.

"வீக்கம் இருக்கு," என்றது குரல். "படம் எடுத்துப் பாத்தாச்சு. எலும்பு பிரமாதம். வீக்கம் எலும்புல இல்லம்மா, எலும்பைச் சுத்தி இருக்கு. சுத்துப்புறம் எங்க பொறுப்பு இல்ல."

"டாக்டர், இந்தக் கன்னத்தையும் ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா, ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, அதனால..." என்று அவள் குனிந்து முகத்தைத் துவாரத்தின் பக்கம் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. ஒரு கணம் அவள் கண்ணில் பட்டது, வழுக்கைத் தலையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த ஒரு கண்ணியமான மனிதர்.

"தயவுசெஞ்சு முகத்தை எடுங்க," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "பக்கத்துத் துறையோட கன்னத்தை நான் பாத்தேன்னு தெரிஞ்சா, நாளைக்கு அவரு என் முழங்காலைப் பாப்பாரு. அப்புறம் இந்த ஆஸ்பத்திரில ஒழுங்குன்னு என்ன மிச்சமிருக்கும்? நான் இருபது வருஷமா ஒரு முகம் பாத்ததில்ல. அந்தப் பேரைக் கெடுத்துடாதீங்க."

சீட்டின் மேல் "எங்கள் வரம்பில் நோய் இல்லை" என்று முத்திரை விழுந்தது.

தோல் துறையில் முகத்துக்கு மட்டும் ஒரு ஜன்னல். அதன் தலைவர் அவளுடைய கன்னங்களை விளக்கு வைத்துப் பார்த்தார். மூக்கின் மேல் பாலம் போட்டு இரண்டு கன்னத்திலும் இறக்கை விரித்திருந்த அந்தச் சிவப்பைக் கண்டதும் அவருடைய புருவம் உயர்ந்தது.  பிறகு புருவம் தன் இடத்துக்கு இறங்கியது.

"சிவப்பு இருக்கு. ஆனா இது தோல்ல பொறந்தது இல்ல. உள்ளேருந்து வந்திருக்கு. உள்ளேருந்து வர்றதுக்கு நாங்க வெறும் வாசல்தான். வாசலைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"உள்ளேன்னா எங்க டாக்டர்?"

"அது உள்ள இருக்கறவங்களைத்தான் கேக்கணும்."

வாய்த் துறையில் பல் நன்றாக இருந்தது, நாக்கு நன்றாக இருந்தது, புண் இரண்டுக்கும் நடுவே இருந்தது. ரத்தத் துறையில் அவளிடமிருந்து குழாய் குழாயாக எடுத்துக்கொண்டு, பிறகு வரச் சொன்னார்கள். போனபோது துறைத் தலைவர் மட்டும் அவளை உட்காரச் சொல்லி, மரியாதையாகப் பேசினார். மூச்சுவாங்குகிற பருத்த மனிதர். அவர் கையில் சோதனை முடிவு இருந்தது. அதைப் படித்துவிட்டு, மடித்துவிட்டு, மறுபடியும் பிரித்துப் படித்தார்.

"உங்க உடம்புல இருக்கற காவல்காரங்க, சொந்த வீட்டையே எதிரி வீடுன்னு நினைச்சு அடிக்கறாங்கம்மா. அது தெளிவாத் தெரியுது."

கண்டக்டரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாதக்கணக்கில் அவள் சொன்னதை ஒருவர் நம்பிவிட்டார். "அப்ப எனக்கு ஏதோ இருக்குல்ல டாக்டர்?"

"இருக்கு. ஆனா ரத்தம் நல்லாத்தான் இருக்கு. அதுல ஓடுறதுதான் சரியில்ல. ஓடுறது எங்க துறை இல்ல. நாங்க ரோடு மாதிரி. ரோட்ல போறவன் பண்ற தப்புக்கு ரோடு என்ன பண்ணும், சொல்லுங்க?"

முத்திரை விழுந்தது.

வீடு திரும்பும்போது நாத்தனார் பஸ்ஸில் வாய் ஓயவில்லை. "ஒருத்தர் வாசலாம், ஒருத்தர் ரோடாம். ஆஸ்பத்திரி நடத்தறாங்களா, வீடு வாடகைக்கு விடறாங்களா? அண்ணி, நீ என்னன்னா எல்லார்கிட்டயும் நன்றி டாக்டர் நன்றி டாக்டர்ங்கறே."

"அவங்க மனசு கோணக் கூடாதுல்ல."

"உன் விரலே கோணிப்போச்சு. அவங்க மனசைப் பத்திக் கவலைப்படறியா?"

அந்தப் பருவம் முழுக்க அப்படியே போனது. கண்டக்டரம்மா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். விரல் மடங்காத காலைகளில், வழக்கமாக வரும் பயணிகள் அவளிடமிருந்து டிக்கெட் கட்டை வாங்கித் தாங்களே கிழித்துக்கொண்டு, மிச்சத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அவளுக்கு வந்திருப்பது நோய் என்பதில் பஸ்ஸுக்குள் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு முத்திரை குத்தும் அதிகாரம் கிடையாது.

பிறகு ஒரு நாள் செருப்பு காலில் ஏறவில்லை. பாதம் இரண்டும் பொம்மிப்போய், அமுக்கினால் குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே நின்றது. சிறுநீரில் நுரை. ஊற்றிவிட்டு வெகுநேரம் கழித்தும் அடங்காத நுரை. நாத்தனார் அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. தையல் மிஷினை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சிறுநீரகத் துறைக்கு ஆட்கள் தேவையில்லை, பாட்டில் போதும். பாட்டிலை ஒரு மாடத்தில் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தால், சுவரில் பதித்த ஒலிபெருக்கி வழியாகத் துறைத் தலைவர் பேசுவார். அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மாடத்தில் பாட்டில்களை எடுத்து அடுக்குவதற்கு ஓர் இளம் பெண் மருத்துவர் மட்டும் இருந்தாள்.

"பாட்டிலுக்குச் சொந்தக்காரர் கவனிக்கவும்," என்றது ஒலிபெருக்கி. "சத்து முழுக்க ஒழுகிட்டிருக்கு. உங்க சிறுநீரகத்தை யாரோ அடிக்கறாங்க."

"யாரு டாக்டர்?" கண்டக்டரம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அது எனக்கு வேண்டாத விஷயம். அடிவாங்கறவனைக் குற்றவாளின்னு சொல்ல முடியாதில்லையா? அதனால இப்போதைக்கு எங்க வரம்புல நோய் இல்ல. சிறுநீரகம் நின்ன பிறகு வாங்க. நின்னதுக்கப்புறம் நீங்க முழுக்க முழுக்க எங்க ஆளு. மெஷின், கட்டில் எல்லாம் முதல் தரம். யாரும் உங்களைப் பங்கு கேக்க முடியாது."

"எப்ப நிக்கும்?"

"இதே வேகத்துல போனா, அடுத்த மழைக்கு முன்னாடி."

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தத்தம் பாட்டில்களைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நாத்தனாரின் கை கண்டக்டரம்மாவின் தோளில் வந்து விழுந்தது.

"நிக்காம இருக்க மருந்து இருக்கா டாக்டர்?" என்று கண்டக்டரம்மா கேட்டாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "இருக்கு."

"அதைக் குடுங்க."

"பேரில்லாத நோய்க்கு மருந்து எழுத முடியாதும்மா. விதி."

"பேர் உங்களுக்குத் தெரியுமா?"

இந்த முறை கரகரப்பு நீண்டது. "தெரியுமான்னு கேட்டா, அது வேற கேள்வி. அதுக்குச் சீட்டு வேற," என்றது சுவர். பிறகு அடுத்த பாட்டிலுக்குச் சொந்தக்காரரைக் கவனிக்கச் சொன்னது.

படிக்கட்டில் இறங்கும்போது, பாட்டில் அடுக்கும் அந்த இளம் மருத்துவர் பின்னாலேயே வந்தாள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று பேசினாள்.

"நீங்க போன அஞ்சு துறைக்கும் தெரியும்மா. உங்க கன்னத்தைப் பாத்தவருக்குத் தெரியும், ரத்தத்தைப் பாத்தவருக்கு நிச்சயமாத் தெரியும். ஆனா யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. பேரை முதல்ல சொல்ற துறைக்குத்தான் நோயாளி சொந்தம். கட்டில் அவங்க குடுக்கணும், மருந்து அவங்க தரணும். உங்க நோய் ஒரு உறுப்போட நிக்காது, வருஷக்கணக்கா இழுக்கும். நாளைக்கு நீங்க செத்துட்டா அந்தச் சாவையும் அவங்க பேர்லதான் எழுதுவாங்க. அதனால ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துட்டிருக்காங்க."

"நீ சொல்லேன்மா. உனக்கும் தெரியும்ல?" என்றாள் கண்டக்டரம்மா.

"தெரியும். நான் சொன்னாச் செல்லாது. தலைவர் வாயால வரணும்." அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. இன்னும் கொஞ்ச நாள்தான் அது தாங்கும்."

"ஒரு பேர் சொல்றதுக்குப் பெரிய மனுஷங்க இத்தனை பேர் பயந்து நான் பாத்ததில்ல," என்றாள் நாத்தனார்.

கண்டக்டரம்மா மறுநாள் அலுவலகத்துக்குப் போய், எல்லாத் துறைத் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து தன்னைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டாள். இப்படி ஒரு கோரிக்கை இதுவரை வந்ததில்லை என்பதால், அவளை மனநலத் துறைக்கு அனுப்பினார்கள்.

மனநலத் தலைவர் தாடியைத் தடவியபடி வெகுநேரம் கேட்டார். இத்தனை துறைகள் இல்லையென்று சொன்ன பிறகும் நோய் இருப்பதாக ஏன் நம்புகிறாள் என்று விசாரித்தார். அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிக் காட்டினாள். குழி விழுந்து நின்றது. அவர் அந்தக் குழியைச் சிந்தனையோடு பார்த்தார்.

"உங்களுக்கு இருக்கறது நம்பிக்கை இல்ல, கால். என் துறைல உங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க ரொம்பத் தெளிவா இருக்கீங்க. இங்க வேலை பாக்கறவங்கள்ல பலர்கிட்ட இல்லாத தெளிவு," என்று சொல்லி, அவரும் முத்திரையைக் குத்தினார். அந்த ஆஸ்பத்திரியில் கண்டக்டரம்மாவுக்குக் கிடைத்த ஒரே நற்செய்தி அதுதான். அதுவே அவளுக்குப் பெரிய ஆபத்தாகவும் முடிந்தது.

ஏனென்றால் அது ஆறாவது முத்திரை.

அடுத்த வாரம் விழாச் செயலாளர் என்ற பதவியில் இருந்த ஒரு மனிதர், நல்ல சட்டையும் நல்ல பல்வரிசையுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். நாத்தனார் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்டக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவள் வலியில் உதட்டைக் கடித்ததை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

"வாழ்த்துக்கள்ம்மா. நீங்க ஆறு துறைகள்ல குணமாயிட்டீங்க. ஆஸ்பத்திரி வரலாற்றுலயே இவ்வளவு துறைல குணமானவங்க ரொம்பக் கம்மி. வருஷ விழாவுல உங்களை மேடையேத்திக் கேடயம் குடுக்கறோம்."

"நான் எங்க சார் குணமானேன்? காலைப் பாருங்க."

"காலை நான் பாக்கக் கூடாது, நான் நிர்வாகம். பாருங்கம்மா, இதுல ஒரு நுட்பம் இருக்கு. ஒரு துறை உங்களை நோய் இருக்கான்னு பாக்க உள்ள விடுது. வெளிய அனுப்பும்போது நோய் இல்லைன்னு எழுதுது. உள்ள போகும்போது சந்தேகம், வெளிய வரும்போது சுத்தம். நடுவுல என்ன நடந்திருக்கு? சிகிச்சை. இந்தக் கணக்குலதான் எங்க ஆஸ்பத்திரி எல்லா வருஷமும் முதலிடம். போன வருஷம் ஒருத்தருக்கு இதே விருது. அவர் படம் வரவேற்பறைல மாட்டியிருக்கே, பாத்திருப்பீங்க."

"மீசை வச்ச பெரியவரா? அவரு இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள் நாத்தனார்.

"பதிவேட்டுப்படி அதுக்கப்புறம் அவருக்கு ஒரு புகாரும் இல்ல. இந்த வருஷ விழாவுக்கு அழைப்பு அனுப்பினோம். வீட்ல வாங்க ஆளில்லைன்னு திரும்பி வந்துடுச்சு. ஊர் சுத்தப் போயிருப்பார்."

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணி வர மாட்டாங்க," என்று நாத்தனார் எழுந்தாள். "கேடயம் எல்லாம் நீங்களே வச்சுக்கங்க."

"இரு," என்றாள் கண்டக்டரம்மா. செயலாளரைப் பார்த்துக் கேட்டாள்: "மேடைல யாரெல்லாம் இருப்பாங்க?"

"ஆறு துறைத் தலைவர்களும். ஒரே வரிசைல. வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கறது."

"ஒருத்தர்கூடப் பாக்கி இல்லாமலா?"

"ஒருத்தர்கூட."

"அப்ப வர்றேன்," என்றாள் கண்டக்டரம்மா.

விழா நாளன்று அவளால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. நாத்தனார்தான் வாரிவிட்டாள். மண்டபத்தை அடைந்ததும், விழாக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், குணமானவர் குணமானவரைப் போல இருக்க வேண்டும் என்று சொல்லி, அவள் கன்னத்தின் சிவப்பு மறையும் வரை பவுடர் பூசினாள். வீங்கிய பாதத்துக்கு அகலமான செருப்பு ஒன்று ஆஸ்பத்திரிச் செலவிலேயே வந்தது. மேடையை விட்டு இறங்கும் வரைக்கும் இருமக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

மேடையில் ஆறு தலைவர்களும் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கும் ஓர் உடம்பு இருப்பதை நோயாளிகள் அன்றுதான் பார்த்தார்கள். ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தார். மூட்டுத் துறைத் தலைவர் யாருடைய முகத்தையும் பார்த்துவிடாமல் இருக்கத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுநாயகமாகச் சிறப்பு விருந்தினர். அவர் பெரிய அதிகாரி. அன்று மதியம் அதே போன்ற இன்னோர் ஆஸ்பத்திரியைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால், அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியின் இயக்குநர் பேசினார்.

"இந்த அம்மா நம்ம வாசலுக்கு வந்தப்ப இவங்களுக்கு ஒரு நோய் இருந்தது. அதை நான் மறுக்கல. இன்னைக்கு ஆறு துறைகள்ல எந்தத் துறைலயும் அது இல்ல. அது எங்க போச்சுன்னு நான் கேக்கல. எங்ககிட்ட இல்லைங்கறதுதான் எங்களுக்குப் பெருமை. மத்த ஆஸ்பத்திரிகள்ல நோயைத் தேடறாங்க. தேடினா கிடைச்சுடும், அது யாராலயும் முடியும். நாங்க அதுக்கு இடமே குடுக்கறதில்ல."

கைதட்டல். கேடயத்தை நீட்டினார்கள். கண்டக்டரம்மாவின் விரல்கள் அதைச் சுற்றி வளையவில்லை. அது நழுவி மேடைப் பலகையில் விழுந்தது. யாரோ எடுத்து அவள் கையோடு சேர்த்துப் பிடித்தார்கள். இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்குமாறு சொல்லி, மைக்கை அவள் பக்கம் திருப்பினார்கள்.

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைக்குட்டையை மேசைமேல் இருந்த தண்ணீரில் நனைத்து இரண்டு கன்னத்தையும் துடைத்தாள். பவுடர் போய்ச் சிவப்பு வெளியே வந்தது. முன் வரிசையில் சலசலப்பு எழுந்தது.  அவள் குரல் நடுங்கவில்லை. அது நெரிசலில் நின்று பழகிய குரல்.

"நான் கண்டக்டருங்க. வண்டியில டிக்கெட் எடுக்காம யாராவது ஏறிட்டா, கேட்டாலும் வாயே திறக்க மாட்டாங்க. சண்டை போட மாட்டேன். வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லிடுவேன். ஆள் தெரியற வரைக்கும் நகராது. இங்க ஆறு பேருக்கும் என் நோயோட பேர் தெரியும். யாராவது சொல்லுங்க. சொன்னா இறங்கறேன். அதுவரைக்கும் இந்த விழா நகராது."



"அம்மா, இது முறையில்ல. நிகழ்ச்சி நிரல்ல இதுக்கு இடமே இல்ல," என்று இயக்குநர் அவள் காதருகே வந்து கெஞ்சினார். விழாச் செயலாளர் அவள் கையைப் பிடித்து எழுப்ப முயன்றார். கீழேயிருந்து நாத்தனார் எழுந்து நின்றாள்.

"சார், அவங்க மேல கை வைக்காதீங்க. உடம்புல எந்த எடத்தைத் தொட்டாலும் அது ஏதாவது ஒரு துறையோட வரம்பு. அப்புறம் உங்களுக்குள்ளதான் தகராறு வரும்."

செயலாளர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

நேரம் போனது. இயக்குநர் பாட்டுக் குழுவைப் பாடச் சொல்லிப் பார்த்தார். மேடையில் அவள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களுக்குத் தொண்டை திறக்கவில்லை. தலைவர்கள் ஆறு பேரும் ஒருவர் வாயை ஒருவர் கண்காணித்தார்கள். தோல் துறைத் தலைவருக்குத் தும்மல் வந்தபோது மற்ற ஐந்து பேரும் ஆவலோடு திரும்பினார்கள். அவர் தும்மிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். கண்டக்டரம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. காய்ச்சல் ஏறுவது தெரிந்தது. விழுந்துவிட்டால் தூக்கிக்கொண்டுபோய்க் கீழே விட்டுவிடுவார்கள், பிறகு இந்த ஆறு பேரும் ஒரே இடத்தில் உட்காருவதற்கு இன்னொரு வருஷம் ஆகும் என்று நினைத்து, நாற்காலியின் விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் சிறப்பு விருந்தினருக்குத்தான் பொறுமை போனது. "என்னய்யா இது, ஒரு பேர்தானே?" என்றார். இயக்குநர் அவரிடம் முதலில் சொல்லுகிற துறையின் சிக்கலை விளக்கினார். அதிகாரி இப்படிப்பட்ட சிக்கல்களிலேயே வளர்ந்தவர் என்பதால் உடனே புரிந்துகொண்டார்.

"அப்ப எல்லாரும் ஒரே நேரத்துல சொல்லுங்க. யாரும் முதல் ஆள் கிடையாது. நான் எண்ணுறேன்."

ஆறு முகங்களிலும் வெளிச்சம் வந்தது. இவ்வளவு நேர்த்தியான நிர்வாகத் தீர்வு அவர்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எழுந்து வரிசையாக நின்றார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

 ஒவ்வொருவரும் மற்றவர்கள் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"மறுபடியும். இந்தத் தடவை சொல்லலைன்னா ஆறு பேரையும் ஒரே துறையா இணைச்சிடுவேன்," என்றார் அதிகாரி.

அந்த மிரட்டலில் மனநலத் தலைவருக்கே வியர்த்துவிட்டது. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

"லூபஸ்," என்றார்கள் ஆறு பேரும்.

ஆனால் ஒரு குரல் மட்டும் அரை மூச்சு முந்திவிட்டது. மூச்சுவாங்குகிறவர்களுக்கு மூச்சை அடக்கிவைப்பது கஷ்டம். மற்ற ஐந்து பேரின் விரல்களும் ரத்தத் துறைத் தலைவரை நோக்கி நீண்டன. மூட்டுத் துறைத் தலைவர், இருபது வருஷத்தில் முதல் முறையாக ஒரு முகத்தைப் பார்த்து, "இவருதான்," என்றார்.

"நான் மூச்சு விட்டேன், அவ்வளவுதான்," என்று முனகினார் ரத்தத் துறைத் தலைவர். யாரும் கேட்கவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "ரத்தம்," என்று தீர்ப்புச் சொன்னார்.

"இறங்குங்கம்மா," என்றார் இயக்குநர்.

"மருந்து?"

"அதெல்லாம் முறைப்படி நாளைக்கு..."

"காசு நாளைக்குத் தர்றேன்னு சொல்றவங்களுக்கு நான் டிக்கெட் குடுத்ததில்ல சார்."

ரத்தத் துறைத் தலைவர் அவளைப் பார்த்தார். சிவந்த கன்னத்தையும் வளையாத விரலையும் பொம்மிய பாதத்தையும், எல்லாவற்றையும் ஒரே ஆளாக, ஒரே பார்வையில் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. இனி அவள் செத்தால் அவர் கணக்கு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அழைப்பிதழைத் திருப்பி, பின்பக்கத்தில் கடகடவென்று எழுதினார். பாட்டில் அடுக்கும் இளம் மருத்துவர் அதை வாங்கிக்கொண்டு மண்டபத்தை விட்டு ஓடினாள். மாத்திரையோடும் தண்ணீரோடும் திரும்பி ஓடி வந்தாள். கண்டக்டரம்மா மேடையிலேயே அதை வாயில் போட்டு விழுங்கினாள். அதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துப் பின்வரிசையில் கைதட்டினார்கள்.

படியில் இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. நாத்தனார் தாங்கிக்கொண்டாள்.

"இனிமே கிட்னி நிக்காதுல்ல டாக்டர்?" என்று நாத்தனார் கேட்டாள்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் இளம் மருத்துவர். "இன்னைக்கே படுக்க வைக்கறோம். எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். நேத்தைவிட இன்னைக்கு நல்லது."

"என்ன பேர் சொன்னாங்க அண்ணி? சத்தத்துல சரியா விழல."

"லூபஸாம்."

"இவ்வளவுதானா?" நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ரெண்டரை எழுத்துக்கா உன்னை இந்தப் பாடு படுத்தினாங்க, பாவிங்க."

ரத்தத் துறைத் தலைவர், பெருமூச்சு விட்டபடி, தன் புதிய சொத்தின் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறினார்.

மேடையில் விழாச் செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிகழ்ச்சி நிரலின்படி அடுத்ததாக ஐந்து துறைகளில் குணமான பெரியவரை அழைத்தார். அவர் கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தார். நீட்டிய கேடயத்தை வாங்கவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியில் பொறுமையாக உட்கார்ந்து, கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டு, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல தம்பி," என்றார் அதிகாரியைப் பார்த்து. "நிதானமாவே எண்ணுங்க."

மிச்சமிருந்த ஐந்து தலைவர்களும், ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி, மூச்சை உள்ளே இழுத்தார்கள்.